பிள்ளைக்கு மேலுக்கு முடியலன்னா, பார்க்க வாரவ என்ன செய்யணும்?

காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்று நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. அம்மை போட்ட பிள்ளையைப் பார்க்க வர மாட்டேன் என்று ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதோடு அந்த வேலையும் போயிற்று. இரண்டுமே சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போகிறவர்களுக்கும், எங்களை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு ஆபீஸ் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பேட்டைக்காரி. கல்யாணமான புதிதில் மடியில் சொளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினேன். என் பிள்ளைகளுக்கு மேலுக்கு முடியாவிட்டால் சொளகை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவேன். அன்றைக்குப் பீடி எண்ணிக்கை குறையும், கூலி குறையும், அவ்வளவுதான். யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். கையில் பீடித் தொழிலாளர் அட்டை இருந்தது, பி.எஃப். இருந்தது, பெரிய சீக்கு என்றால் முக்கூடலில் பீடிக்காரர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருந்தது. பீடித்தூள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போன பிறகு வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாகச் சேர்ந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா, நர்ஸுகளுக்குச் சொல்வதையெல்லாம் தரை துடைக்கிற எனக்கும் சேர்த்தே சொல்வார்கள். "கேட்டு வச்சுக்கோ, நாளைக்கு உன் பேரப்பிள்ளைக்கு ஆகும்" என்பார்கள். கீழே மருந்து பற்றிச் சொல்வதெல்லாம் அங்கே கேட்டதும், பிறகு பார்த்த வீடுகளில் டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததும்தான்.

அங்கிருந்துதான் வீடுகளில் பிள்ளை பார்க்க வந்தேன். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். இத்தனை பள்ளிக்கூடத்து டீச்சர்களும் காலேஜ் புரொபசர்களும் வேலைக்குக் கிளம்பினால் அவர்கள் பிள்ளைகளை யாராவது பார்க்க வேண்டுமே. பேட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் காலை பஸ்ஸில் நாங்கள்தான் போகிறோம். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு இன்னும் கூடிவிட்டோம்.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும், மேல் சுடும். அதற்கெல்லாம் வர மாட்டேன் என்கிறவள் இந்த வேலைக்கே வரக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம் என்பார்கள் டாக்டரம்மா. அத்தனைக்கும் ஒரு டீச்சர் லீவு போட முடியுமா? அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தற்செயல் விடுப்பே வருஷத்துக்கு 12 நாள்தான்.

ஆனால் முதல் நாள் மட்டும் தாயோ தகப்பனோ வீட்டில் இருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி. முதல் நாள் மேல் சுடும்போது அது சும்மா சளிக் காய்ச்சலா, டெங்குவா, அம்மை போடப் போகிறதா என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் பார்த்து இன்னது என்று சொல்லட்டும், என்ன மருந்து எத்தனை வேளை என்று சீட்டில் எழுதட்டும், அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 100.4-க்கு மேல் போனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற வீட்டில் நான் நிற்க மாட்டேன்.

மருந்து கொடுப்பதில்தான் பெரிய ஆபத்தே இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாரசிட்டமால் கடையில் மூன்று விதமாகக் கிடைக்கும். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப்பில் ஒரு வகையில் 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகையில் 5 மில்லிக்கு 250. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100-லிருந்து 150 மில்லிகிராம் வரைதான் கணக்கு. "மருந்து அஞ்சு மில்லி குடுத்துருங்கக்கா" என்று போனில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பது சொட்டு மருந்து பாட்டிலாக இருந்தால் அந்த அஞ்சு மில்லியில் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். வேளைக்கு வேளை அப்படியே கொடுத்தால் ஈரல் கெட்டுப்போகும். அதனால் பாட்டிலின் மேலேயே பேனாவால் அளவை எழுதித் தரச் சொல்வேன். பாட்டிலோடு வந்த அளவுக் குழாயைத்தான் எடுப்பேன், சாப்பாட்டுக் கரண்டியை அல்ல. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாள் ஒன்றுக்கு நாலுக்கு மேல் கிடையாது. கொடுத்த நேரத்தைத் தினசரி காலண்டரில் அன்றைய தாளிலேயே எழுதிவைப்பேன். ராத்திரி வந்து அந்தத் தாளைப் பார்த்தால் தாய்க்கு எல்லாம் தெரிந்துவிடும். "மத்தியானம் குடுத்தாளோ, இல்லையோ" என்று சந்தேகப்பட்டு இன்னொரு வேளை ஊற்ற வேண்டியதில்லை.

டெங்கு காலத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். நாலாம் நாள் மேல் சூடு இறங்கியதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிடும். அன்றைக்குத்தான் தாயும் தகப்பனும் வேலைக்குக் கிளம்புவார்கள். டெங்குவில் சூடு இறங்குகிற நாள்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நாள். வயிறு வலிக்கிறது என்று அழுதாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கை கால் சில்லிட்டாலோ, ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ, பிள்ளை சொணங்கிப்போய்க் கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் அடித்த மூன்று நாளும் லீவு போட்டு வீட்டில் இருந்துவிட்டு, அந்த நாள் பார்த்து எங்களிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லீவு குறைவு என்றால் முதல் நாளுக்கு ஒன்று, சூடு இறங்குகிற நாளுக்கு ஒன்று என்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னி வருவதைப் பார்த்துப் பயந்து ஓடிய ஆயாக்கள் உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வெட்டி இழுக்கும். ஒரு வீட்டில் அப்படி இழுத்தபோது வீட்டு ஆச்சி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து பிள்ளையின் கையில் திணித்தார்கள், வாயில் கரண்டியை வைக்கப் போனார்கள். சாவி கையில் இருந்துவிட்டுப் போகட்டும், கரண்டியை மட்டும் வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பார்த்தேன். வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் 108. நின்றாலும் முதல் தடவை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். முன்னால் ஒரு தடவை இழுத்திருக்கிறது என்றால் வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லுங்கள். ஆயா பயந்து நின்றுவிடுவாள் என்று மறைக்கிறார்கள். தெரியாமல் பார்த்தால்தான் பயம் கூடும்.

மூச்சைப் பார்ப்பதும் நான் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டதுதான். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, இதற்கு மேல் போனால் அது வெறும் சளி இல்லை. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே இருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

வயிற்றால் போவதற்கும் நான் வருவேன். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை துணி மாற்றினேன் என்று கணக்கில்லை. அந்த வீட்டில் கடையில் டப்பாவில் விற்கிற இனிப்புத் தண்ணீரை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கி அடுக்கியிருந்தார்கள். அதில் சர்க்கரைதான் கூடுதல். பேதி இன்னும் கூடும். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மாதிரி பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. மருந்துக்கடையில் கிடைக்கிற ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கண் மதிப்புக்குப் போட்டுக் கலக்கக் கூடாது. கரைத்தது ஒரு நாளைக்கு மேல் ஆகாது. கூடவே டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஜிங்க் மருந்தைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும் வரை கொடுக்க வேண்டும். மூணாம் நாளே அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. எனக்காக நான் கேட்பது, துணி மாற்ற கையுறையும் ஒரு புதுச் சோப்பும். இதைக் கேட்டதற்கு, "பெத்த பிள்ளையா இருந்தா கையுறை கேப்பியளா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக் கழுவிவிட்டு நான் பஸ் ஏறி இன்னொரு வீட்டுக்குப் போவதில்லையே.

இனி அம்மைக் கதைக்கு வருகிறேன்.

அந்த வீட்டில் டீச்சரும் பேங்க் சாரும். ஒரே பையன், எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தான். பங்குனி உத்திரத்துக்குச் சனி ஞாயிறைச் சேர்த்துச் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கள் பக்கம் பங்குனி உத்திரம் என்றால் எந்த ஊரில் இருந்தாலும் அவரவர் சாஸ்தா கோவிலுக்குப் போய்விடுவார்கள். வியாழக்கிழமையோடு நான் பையனைப் பார்த்தது. திங்கள் ராத்திரி போன் வந்தது. "அக்கா, தம்பிக்கு அம்மா வந்திருக்கா. மேலெல்லாம் முத்து. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்திருங்க, எனக்குப் பரீட்சை ட்யூட்டி."

எனக்கு முதலில் வந்த நினைப்பு வியாழக்கிழமைதான். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒட்டும். நான் பார்த்து நாலு நாளாகிவிட்டது, தப்பித்திருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அடுத்த அறையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம், ஏழு மாதம், வளைகாப்பு முடித்து அழைத்து வந்திருந்தோம். எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதே இல்லை, அவளுக்கும் போட்டதில்லை. பெரியவர்களுக்குப் போட்டால் பிள்ளைகளுக்கு வருவதைப் போல லேசாகப் போகாது. மாசமாக இருக்கிறவளுக்கு வந்தால் நெஞ்சில் இறங்கி மூச்சு முட்டலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கிற சிசுவுக்கே ஆபத்து. மாசமாக இருக்கும்போது தடுப்பூசியும் போட முடியாது. அரசு இலவசமாகப் போடுகிற ஊசிகளில் தட்டம்மைக்கு உண்டு, சின்னம்மைக்குக் கிடையாது. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் யார் போட்டார்கள்?

"டீச்சர், எனக்குப் போட்டதில்ல. மவ மாசமா இருக்கா, அவளுக்கும் போட்டதில்ல. தம்பிக்குப் பொருக்கு தட்டுற வரைக்கும் நான் வரல."

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய? நீங்க வராட்டி நான் எங்கன போவேன்?"

டீச்சர் போனைச் சாரின் அம்மாவிடம் கொடுத்தார். "அம்மா வந்த வீட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லப்பிடாதும்மா. முத்தாரம்மன் கோவிச்சுக்கிடுவா" என்றார்கள் ஆச்சி.

முத்தாரம்மன் என் குலசாமியும்தான், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அம்மை கண்ட வீட்டுக்கு நம் முன்னோர்கள் வைத்த கட்டுப்பாடே வெளியாள் வரக் கூடாது என்பதுதானே. வாசலில் வேப்பிலை செருகுவது எதற்கு? பார்த்தவுடன் திரும்பிப் போகட்டும் என்றுதான். அந்த வாரம் பால்காரர் பாலைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார், கீரைக்காரி அந்தத் தெருப் பக்கமே வரவில்லை, டியூஷன் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வீட்டில் தாளிக்கவில்லை, அசைவம் இல்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் எல்லாக் கட்டுப்பாடும் சுத்தமாக இருந்தது. நான் மட்டும் வெளியாள் இல்லை என்று ஆகிவிட்டேன். சம்பளம் கூட்டிக் கேட்டால் வெளியாள், அம்மை வந்தால் வீட்டு ஆள்.

சும்மா மறுத்துவிட்டு இருக்கவும் மனசு வரவில்லை. எங்கள் தெருவில் ஒருத்திக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு முகத்தில் தழும்பே இருக்கிறது; சின்னம்மை ஒரு தடவை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. நல்ல பொறுமைசாலி, மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். "அவளை ஒரு வாரம் அனுப்புதேன் டீச்சர், நான் பொறுப்பு" என்றேன். டீச்சர் சம்மதித்துவிட்டார். பின்னாலிருந்து ஆச்சியின் குரல் கேட்டது: "அவ என்ன ஆளுன்னு கேளு." நான் சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து டீச்சரின் அம்மா வந்து பார்த்துக்கொண்டார்கள். பையன் நன்றாகிவிட்டான். அந்த மாதச் சம்பளம் வந்தபோது நான் போகாத நாள்களைக் கழித்திருந்தார்கள், அவர்கள் கோவிலுக்குப் போயிருந்த நாள்களையும் சேர்த்து. வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்று சொன்னார்கள். மகளுக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிரசவம் ஆனது.

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பரீட்சை நேரத்தில் லீவு கிடைக்காது, அதை அடுத்துப் பேப்பர் திருத்தப் போக வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாரமாக நடந்த பேச்சு முழுக்க எனக்கும் டீச்சருக்கும் நடுவில்தான். சாருக்கு லீவு உண்டா என்று நானும் கேட்கவில்லை, ஆச்சியும் கேட்கவில்லை, டீச்சரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. மார்ச் மாதம், பேங்கில் கணக்கு முடிக்கிற நேரம், உண்மைதான். மற்ற வீடுகளில் மார்ச் இல்லாத மாதங்களிலும் இப்படித்தான் இருந்தது.

அம்மை மட்டுமில்லை. பொன்னுக்குவீங்கி, கண்வலி, கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போடுகிற காய்ச்சல், இவற்றுக்கும் முதல் சில நாள் ஆயா வராமல் இருப்பதே நல்லது. அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும். எங்களை வேலைக்கு எடுக்கிறவர்கள் ஆதார் கார்டு கேட்பார்கள், பழைய வீட்டு நம்பர் கேட்பார்கள், சமையல் தெரியுமா என்பார்கள். "வீட்டில் மாசமா யாரும் இருக்காங்களா, கைப்பிள்ளை இருக்கா, வயசானவங்க, சர்க்கரை, கேன்சர் மருந்து எடுக்கிறவங்க இருக்காங்களா, உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளை நல்லதுக்கும் அது தெரிய வேண்டும். எங்கள் வீட்டுச் சீக்கு அங்கே வராதா என்ன?

காசு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். எனக்கு அப்போது மாதம் ஒன்பதாயிரம்; ஒரு நாள் போகாவிட்டால் முந்நூறு போயிற்று. அம்மை ஒட்டி இரண்டு வாரம் படுத்தால் நாலாயிரத்துக்கு மேல் நஷ்டம், மருந்துச் செலவு தனி. கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருக்கிறவர் நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வீட்டில் வேலை பார்க்கிறவளுக்கு அது கிடையாது. வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லிருந்து நலவாரியம் இருக்கிறது; பதிவு செய்துவைத்தால் பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு, வயதான பிறகு ஓய்வூதியத்துக்கு உதவும். பதியாதவர்கள் கட்டாயம் பதியுங்கள். ஆனால் காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி அதில் வராது. பீடி சுற்றியபோது எனக்கு இருந்த அட்டையும் ஆஸ்பத்திரியும், பத்து மணி நேரம் ஒரு பிள்ளையின் உயிரைக் கையில் வைத்திருக்கிற இந்த வேலையில் இல்லை. அதனால் ஒட்டுகிற சீக்கு என்று நீங்களே வர வேண்டாம் என்றாலும், வர முடியாது என்று நாங்கள் சொன்னாலும், அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. உங்கள் பிள்ளையிடமிருந்து ஒட்டி நாங்கள் படுத்தால் டாக்டர் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். இதைச் சீக்கு வந்த அன்றைக்குப் பேசினால் சண்டையில்தான் முடியும். சேருகிற அன்றைக்கே பேச வேண்டும்.

எங்கள் ஆட்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, தாய்க்குத் தெரியாமலே. வசம்பு உரைத்துப் புகட்டுவார்கள். சாயங்காலம் பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு வருவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. என் பிள்ளைகளையும் மேலப்பாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஊதினால் போதும், வயிற்றுக்குள் எதுவும் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கணக்கு. இதைவிட மோசம், பிள்ளை தூங்கட்டும் என்று இருமல் மருந்து கொடுப்பது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துப் பிள்ளைகள் இறந்த செய்தியை எல்லாரும் படித்தோம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப்பே கொடுக்க வேண்டாம் என்று மத்திய அரசு அப்போது டாக்டர்களுக்கே சுற்றறிக்கை அனுப்பியது. டாக்டர் சீட்டில் இல்லாத எதையும், கஷாயமானாலும் சரி, தாயிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். காலையில் பிள்ளை வாந்தி எடுத்தது, கீழே விழுந்தது என்றால் திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். டாக்டருக்கு அந்தச் செய்திதான் முதலில் வேண்டும்.

சீக்கு வந்த பிள்ளைக்குத் தாய்தான் வேண்டும் என்று சொல்வார்கள். பாதி நிஜம். மேல் சுடுகிற பிள்ளை பழகின உடம்பைத் தேடும். காலையிலிருந்து இருட்டுகிற வரை என் இடுப்பிலேயே இருக்கிற பிள்ளைக்கு அது என் உடம்பு. ஒரு வீட்டில் தாய் லீவு போட்டுவிட்டு ஆசையாகத் தூக்கினாள், அது திமிறிக்கொண்டு என்னிடம் தாவியது. அந்தப் பெண்ணின் முகம் விழுந்துபோனது. நான் வாங்கவில்லை. "நீங்களே மேல்ல போட்டுக்கிட்டு உக்காருங்கம்மா, நான் கஞ்சி வச்சுட்டு வாரேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் அழுதது, பிறகு தாயின் தோளிலேயே தூங்கிவிட்டது. அதிலிருந்து ஒன்று செய்கிறேன். தாயோ தகப்பனோ வீட்டில் இருக்கிற சீக்கு நாளில் பிள்ளையை அவர்களிடம் விட்டுவிட்டு, கஞ்சி, துணி, பாத்திரம், மருந்துக்கடை என்று மற்றதையெல்லாம் நான் எடுத்துக்கொள்வேன். லீவு போட்டும் பிள்ளையோடு உட்கார முடியாமல் வீட்டு வேலையிலேயே நாள் போகிற தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது சீக்கு நாளுக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே வழக்கமாகி, பிள்ளை பார்க்கப் போனவள் பாத்திரம் தேய்க்கிறவளாகிவிடுவாள்.

ராத்திரி தங்குவதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. பகல் முழுக்கச் சீக்குப் பிள்ளையோடு இருந்தவளுக்கு ராத்திரி கண் சொக்கும். மூச்சு எண்ணுகிற வேலையைத் தூக்கக் கலக்கத்தில் செய்ய முடியாது.

இப்போது பார்க்கிற வீடு பெருமாள்புரத்தில். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. சேருகிற அன்றைக்கே உட்கார்ந்து பேசி எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டோம். பிள்ளையின் எடை, தெர்மாமீட்டர் இருக்கிற இடம், பாரசிட்டமால் எது, எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் நம்பர், 108, எதுவும் கேட்க வேண்டுமென்றால் 104, ஆட்டோக்கார அண்ணாச்சி நம்பர், காப்பீட்டு அட்டை எந்த டிராயரில் இருக்கிறது, இரண்டு பேரும் போன் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். எடையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடித்துவிட்டு மாற்றி எழுதுவோம். சும்மா சளி காய்ச்சலுக்கு முதல் நாள் ஒருவர் வீட்டில், மறுநாளிலிருந்து நான். ஒட்டுகிற சீக்கு என்றால் எனக்குச் சம்பளத்தோடு லீவு. என் பேரனுக்கு முடியாவிட்டால் மாதத்தில் இரண்டு நாள் பிடித்தம் இல்லாமல் நிற்கலாம். இந்தக் கடைசியை நானாகக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணே எழுதியது.

போன ஐப்பசியில் அப்படி ஒரு நாள் நின்றேன். பேரனுக்கு நல்ல காய்ச்சல், மகள் பயந்துபோயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து அங்கேயும் பிள்ளைக்கு மூக்கு அடைத்திருந்தது. அந்தப் பெண் மதுரைக்கு மீட்டிங் போயிருந்தாள். அவள் வீட்டுக்காரத் தம்பிதான் லீவு போட்டார். பத்து மணிக்குள் மூன்று போன். தெர்மாமீட்டர் எங்கே, கஞ்சிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், மருந்து ஒன்பது மணிக்குக் கொடுத்தால் அடுத்தது எப்போது. கஞ்சிக்குத் தண்ணீர்க் கணக்கு மட்டும்தான் ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் இல்லை. அதைச் சொன்னேன், மற்றதை வாசித்துப் பாருங்க தம்பி என்றேன்.